நான்கு மாக்சிம், ஒரு லாரி: காஸ்-ஏஏஏ 4எம் வண்டியைப் புரிந்துகொண்டு விளையாட முழுமையான வழிகாட்டி

வார் தண்டர் என்ற ஆன்லைன் போர் கேமில் சோவியத் தரைப்படையை ஆரம்பித்த சில நாட்களிலேயே கைக்கு வந்துவிடும் வண்டி காஸ்-ஏஏஏ 4எம். மூன்று அச்சு கொண்ட ஒரு லாரி, அதன் பின்தட்டில் வரிசையாக நான்கு மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகள். கவசம் கிடையாது. சுடுபவர் வெட்டவெளியில் நிற்கிறார். புதிதாக ஆட வருபவர்கள் பலர் இதை ஓரிரு ஆட்டம் ஓட்டிப் பார்த்து, ஒரு விமானமும் விழவில்லையே என்று ஒதுக்கிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார்கள்.

அப்படி ஒதுக்குவது சரியல்ல என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இந்த வண்டியால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை 1930களிலேயே செஞ்சேனை அறிந்திருந்தது. தாழப் பறந்து வந்து தாக்கும் விமானத்தை நிம்மதியாகக் குறிபார்க்க விடாமல் செய்வதே இதற்குக் கொடுத்த வேலை. அந்த வேலையைக் கேமிலும் கொடுத்தால் வண்டி அழகாகச் செய்கிறது. விமானங்கள் விழுவதும் அதன் தொடர்ச்சியாகவே நடக்கும். அதனால் முதலில் வரலாறு, பிறகு கணக்கு, அதற்குப் பிறகுதான் ஆட்டம்.

1. முதலில் வண்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

லாரியிலிருந்து தொடங்கலாம். 1929இல் சோவியத் அரசு அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. அதன் பயனாக நிஷ்னி நோவ்கொரோட் நகரில் எழுந்த தொழிற்சாலை 1932இல் லாரிகளை வெளியே அனுப்பத் தொடங்கியது. அதே ஆண்டு நகரத்தின் பெயர் கோர்க்கி என்று மாற, தொழிற்சாலையும் கோர்க்கி மோட்டார் ஆலை, சுருக்கமாக காஸ், ஆனது. ஃபோர்டு ஏஏ லாரியின் சோவியத் வடிவம் காஸ்-ஏஏ. பின்னால் இன்னொரு அச்சைச் சேர்த்து ஆறு சக்கர வண்டியாக்கியபோது அது காஸ்-ஏஏஏ. ஆறு சக்கரத்தில் பின்னால் இருக்கும் நான்குக்குத்தான் இழுவை உண்டு. எஞ்சின் முதலில் 40 குதிரைத்திறன், பின்னர் 50. சுமைத்திறன் 2 டன். 1934 முதல் 1943 வரை ஏறத்தாழ 37,000 வண்டிகள் வந்தன.

இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2 டன் ஏற்றும் லாரிக்கு 40, 50 குதிரைத்திறன் என்பது சாலையில் போதும், சேற்றிலும் ஏற்றத்திலும் போதவே போதாது. கேமில் இந்த வண்டி புல்வெளியில் இறங்கியதும் மூச்சு வாங்குவதற்குக் காரணம் இதுதான். சாலையை விட்டு விலகும்போது ஒவ்வொரு முறையும் யோசித்து விலகுங்கள்.

அடுத்தது துப்பாக்கி. 1910ஆம் ஆண்டு மாடல் மாக்சிம் ரஷ்யக் காலாட்படையின் பழைய நண்பன். குழலைச் சுற்றி ஏறத்தாழ 4 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் உறை, துணி பெல்ட்டில் 7.62 மிமீ தோட்டா, நிமிடத்துக்கு 500 முதல் 600 தோட்டா வேகம். இதில் நான்கை ஒரே சட்டத்தில் பூட்டி விமான எதிர்ப்புக்கு ஏற்றதாக மாற்றினார் என். எஃப். தொகரேவ் என்ற வடிவமைப்பாளர். 1931இல் அதைப் படை ஏற்றுக்கொண்டது. நான்கு உறைகளுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டியும் பம்பும் வைத்ததுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் குழல் சீக்கிரம் சூடேறாது. தனி மாக்சிம் 250 தோட்டா பெல்ட்டில் சுட்டபோது, இதற்கு 500 தோட்டா பெல்ட் கொடுக்க முடிந்ததும் அதனால்தான். சுடுபவர் பின்னால் நின்று, தன் உடலாலேயே தள்ளி நான்கையும் ஒன்றாகத் திருப்புவார். காட்சிக்கு வட்டக் குறிநோக்கி.

இந்த அமைப்பைக் கோபுரக் கூரையில், கவச ரயிலில், படகில், லாரியில் என்று எங்கே இடம் கிடைத்ததோ அங்கெல்லாம் வைத்தார்கள். காலாட்படை வீரன் தோளில் மாட்டிய ரைஃபிளுக்கும் இதற்கும் ஒரே தோட்டா என்பது பெரிய வசதி. தோட்டா தீர்ந்தால் பக்கத்தில் எந்தப் பிரிவிடமும் வாங்கிக்கொள்ளலாம்.

1938இல் ஹசன் ஏரி மோதலில் ஜப்பானியருக்கு எதிராக இது முதன்முதலில் போரைக் கண்டது. 1941இல் ஜெர்மானியப் படையெடுப்பு தொடங்கியபோது 12.7 மிமீ டிஎஸ்ஹெச்கே கனரகத் துப்பாக்கி படையில் இருந்தது, ஆனால் தேவைக்கு மிகக் குறைவாக இருந்தது. சாலையில் நீளும் படைவரிசை மீது ஜெர்மானிய ஸ்டூக்கா குண்டுவீச்சு விமானங்களும் மெஸ்ஸர்ஷ்மிட் போர் விமானங்களும் பாய்ந்தபோது, அந்த வரிசையோடு கூடவே ஓடிய பாதுகாப்பு பல இடங்களில் இந்த நான்கு மாக்சிம் லாரிதான். முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடுக்கு உணவு சென்ற லடோகா ஏரியின் பனிப்பாதையையும் நான்கு குழல் மாக்சிம்கள் காத்தன. உறையும் குளிரில் தண்ணீரால் குளிரும் துப்பாக்கி என்றால் தண்ணீருக்குள் கிளிசரின் போன்றவற்றைக் கலந்து உறையாமல் வைத்திருக்க வேண்டும். குண்டு விழாத நேரத்திலும் அந்த வீரர்களுக்கு ஓய்வில்லை.

லாரியின் முடிவும் வானத்திலிருந்துதான் வந்தது. 1943 ஜூனில் ஜெர்மானிய விமானப்படை கோர்க்கி ஆலை மீது இரவு இரவாகக் குண்டு வீசியது. ஆலை பலத்த சேதமடைந்தது. அதோடு காஸ்-ஏஏஏ உற்பத்தியும் நின்றது.

2. ஏன் நான்கு? இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். வண்டியின் குணம் முழுவதும் இதற்குள் இருக்கிறது.

ஒரு விமானம் மணிக்கு 360 கிமீ வேகத்தில் உங்கள் எதிரே குறுக்காகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 100 மீட்டர். மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஏறத்தாழ 9 மீட்டர் நீளம். வானத்தில் ஒரு புள்ளியை அது மூக்கிலிருந்து வால் வரை கடக்க 0.09 நொடி ஆகும். நிமிடத்துக்கு 550 சுடும் ஒரு மாக்சிம் நொடிக்கு 9 தோட்டா அனுப்பும். 0.09 நொடியில் ஒரு தோட்டாகூட முழுதாக வராது. அதாவது நீங்கள் பிசகே இல்லாமல் குறிபார்த்திருந்தாலும், விமானம் இரண்டு தோட்டாக்களுக்கு நடுவே புகுந்து போய்விடலாம்.

நான்கு மாக்சிம் சேர்ந்தால் நொடிக்கு 36 தோட்டா. அதே 0.09 நொடியில் மூன்று தோட்டா அந்தப் புள்ளி வழியே போகும். மூன்றும் ரைஃபிள் தோட்டா, ஒவ்வொன்றும் 10 கிராம் அளவு. இறக்கையில் துளை போட்டால் விமானத்துக்கு ஒன்றும் ஆகாது. விமானி, எஞ்சின், குளிர்விப்பான், எரிபொருள் தொட்டி இவற்றில் ஒன்றைத் தொட்டால்தான் பலன்.

இதிலிருந்து மூன்று முடிவுகள் வருகின்றன. குறுக்கே போகும் விமானத்தின் பாதையில் ஒரே இடத்தில் சுட்டுக்கொண்டு காத்திருப்பது வீண். குறியை அதோடு கூடவே நகர்த்தி, தோட்டா ஓட்டம் விமானத்தின் மீது நீண்ட நேரம் தங்கும்படி செய்ய வேண்டும். அடுத்து, நேராக உங்களை நோக்கி வரும் விமானமும் நேராக விலகிப் போகும் விமானமும்தான் நல்ல இரை. அவை உங்கள் குறியில் அரை நொடி, ஒரு நொடி நிலைத்து நிற்கும், 20, 30 தோட்டா வாங்கும். மூன்றாவது, தூரம். அதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும்.

3. ஆட்டத்துக்கு முன்

தோட்டா பெல்ட்டுகளை ஆராய்ச்சி செய்து திறப்பதற்கு முன்னுரிமை கொடுங்கள். கவசம் துளைத்துத் தீமூட்டும் பி-32 ரகத் தோட்டா அதிகமுள்ள பெல்ட் இந்த வண்டியின் மதிப்பையே மாற்றிவிடும். ரைஃபிள் தோட்டாவால் விமானத்தைக் கொல்ல இரண்டு நல்ல வழிகள் உண்டு: விமானியைத் தொடுவது, எரிபொருளைப் பற்றவைப்பது. இரண்டாவது வழியைத் திறப்பது இந்தத் தோட்டாதான். புதிதாக வருபவர்களுக்கு மட்டும், முதல் சில ஆட்டங்களில், பறக்கும்போது ஒளிரும் டிரேசர் தோட்டா அதிகமுள்ள பெல்ட்டைப் பரிந்துரைப்பேன். தோட்டா எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துப் பழகாமல் கை படியாது.

கேமின் பயிற்சிக் களமான டெஸ்ட் டிரைவில் நுழைந்து ஒரு காரியம் செய்யுங்கள். 300 மீட்டர், 500 மீட்டர், 800 மீட்டரில் உள்ள கட்டடம், மரம், வண்டி எதையாவது பார்த்துச் சுட்டு, டிரேசர் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். இந்த நேர உணர்வு ஒருமுறை படிந்துவிட்டால் எல்லா விமான எதிர்ப்பு வண்டிக்கும் உதவும்.

எளிய ஆட்ட முறையான ஆர்கேடா, உண்மைக்கு நெருக்கமான ரியலிஸ்டிக்கா என்பது அடுத்த கேள்வி. ஆர்கேடில் எதிரி விமானத்துக்கு முன்னால் எங்கே சுட வேண்டும் என்று ஒரு வட்டம் காட்டும். ரியலிஸ்டிக்கில் இந்த வண்டிக்கு அந்த உதவி கிடையாது, எல்லாம் உங்கள் கண்ணும் கையும்தான். ஆர்கேடில் சில ஆட்டம் ஆடி, அந்த வட்டம் விமானத்திலிருந்து எத்தனை உடல் நீளம் தள்ளி நிற்கிறது என்று கவனியுங்கள். பிறகு ரியலிஸ்டிக்குக்கு வாருங்கள். வட்டத்தை நம்பியே பழகினால் அது இல்லாத இடத்தில் கை நின்றுவிடும், அதனால் ரொம்ப நாள் அங்கேயே தங்காதீர்கள்.

ரியலிஸ்டிக்கில் விமானம் எடுக்க ஸ்பான் புள்ளிகள் வேண்டும், அதாவது களத்தில் இறங்க ஆட்டத்துக்குள் சம்பாதிக்கும் புள்ளிகள். ஆகவே முதல் சில நிமிடங்களுக்கு வானம் பெரும்பாலும் காலி. முதலில் ஒரு டாங்கியோடு இறங்கி, வானில் முதல் எஞ்சின் சத்தம் கேட்கத் தொடங்கும்போது இந்த லாரிக்கு மாறுவது நல்ல வழக்கம். விமான எதிர்ப்பு வண்டிக்கு ஸ்பான் செலவும் குறைவு. எந்த வண்டிக்கு எந்த பேட்டில் ரேட்டிங், அதாவது எந்த வலிமைத் தரம், என்ற எண்களை நான் இங்கே எழுதவில்லை. அப்டேட்டுக்கு அப்டேட் மாறும், ஹேங்கரில் பார்த்துக்கொள்வதே சரி.

4. எங்கே நிறுத்துவது

இறங்கிய இடத்திலேயே நின்று சுடுபவர்கள் அதிகம். எதிரி விமானிக்கு நன்றாகத் தெரிந்த இடம் நீங்கள் இறங்கும் அந்த இடம்தான். அங்கிருந்து நூறு, இருநூறு மீட்டர் பக்கவாட்டில் விலகினாலே அவர் உங்களைத் தேட வேண்டியிருக்கும்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது தரையிலிருந்து வரும் ஆபத்தை முதலில் பாருங்கள். கவசமில்லாத இந்த லாரியை எதிரி டாங்கியின் சாதாரண இயந்திரத் துப்பாக்கியே அழித்துவிடும். எங்கோ வெடித்த குண்டின் சிதறல்கூட சுடுபவரை வீழ்த்திவிடும். அதனால் எதிரி வரக்கூடிய திசையில் ஒரு கல்சுவர், ஒரு வீடு, ஒரு மேடு கட்டாயம் இருக்க வேண்டும். மேலே வானம் திறந்திருக்க வேண்டும். அடர்ந்த மரத்தடி நல்ல மறைவிடம் போலத் தோன்றும், ஆனால் கிளைகளுக்கு நடுவே விமானத்தைத் தொடர்ந்து குறிபார்க்க முடியாது. மரவரிசையின் ஓரம் சிறந்தது: பின்புலத்தில் மரம் இருப்பதால் மேலிருந்து பார்ப்பவருக்கு லாரி கலந்துவிடும், உங்களுக்கு ஒரு பக்க வானம் முழுதாகக் கிடைக்கும்.

லாரியின் மூக்கு எந்தப் பக்கம்? ஆபத்து வரும் திசைக்கு வாலைக் காட்டி நிறுத்துங்கள். முன்பக்கம் ஓட்டுநர் அறை இருப்பதால் அந்தத் திசையில் துப்பாக்கியைத் தாழ்த்த முடியாது. பின்பக்கமும் பக்கவாட்டிலும் அந்தத் தடை இல்லை. இன்னொரு லாபமும் உண்டு: ஓட வேண்டியிருந்தால் நேராக முன்னோக்கி ஓடலாம். இந்த எஞ்சினோடு ரிவர்ஸில் தப்பிப்பது நடக்காத காரியம்.

நின்றதும் எஞ்சினை அணைத்துவிடுங்கள். சொந்த எஞ்சின் இரைச்சல் இல்லாவிட்டால் தூரத்து விமானத்தின் உறுமலும் திசையும் தெளிவாகக் கேட்கும். ஹெட்ஃபோன் போட்டு ஆடுங்கள். ரியலிஸ்டிக்கில் காதுதான் உங்கள் முதல் எச்சரிக்கைக் கருவி.

எதைக் காப்பாற்றுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். முழு மேப்பையும் காக்க இந்தத் துப்பாக்கியால் ஆகாது. உங்கள் அணியின் டாங்கிகள் குவிந்திருக்கும், இரு அணிகளும் கைப்பற்றப் போட்டியிடும் ஒரு பிடிப்புப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து 300, 400 மீட்டருக்குள் நில்லுங்கள். விமானம் அங்கேதான் வந்தாக வேண்டும். அதன் கடைசிப் பாய்ச்சல் உங்கள் சுடுதூரத்துக்குள் நடக்கும்.

5. எவ்வளவு முன்னால் சுடுவது

குறுக்கே போகும் விமானத்தைப் பார்த்துச் சுட்டால் தோட்டா அதன் வாலுக்குப் பின்னால்தான் போகும். தோட்டா போய்ச் சேரும் நேரத்தில் விமானம் எங்கே இருக்குமோ அங்கே சுட வேண்டும். இதை ஆட்டக்காரர்கள் லீட் என்கிறார்கள்.

7.62 மிமீ தோட்டா நொடிக்கு 800 மீட்டரைத் தாண்டிய வேகத்தில் குழலை விட்டுக் கிளம்பும், ஆனால் காற்று அதைச் சீக்கிரமே தளர்த்திவிடும். தோராயமாக 300 மீட்டர் போக 0.4 நொடி, 500 மீட்டர் போக 0.8 நொடி, 800 மீட்டர் போக 1.6 நொடி என்று வைத்துக்கொள்ளலாம். விமானம் நொடிக்கு 100 மீட்டர் போகிறது. அப்படியானால்:

300 மீட்டரில் லீட் 40 மீட்டர், அதாவது விமானத்தின் உடல் நீளத்தில் நான்கரை மடங்கு.

500 மீட்டரில் 80 மீட்டர், உடல் நீளத்தில் 9 மடங்கு.

800 மீட்டரில் 160 மீட்டர், உடல் நீளத்தில் 18 மடங்கு.

இந்த மூன்று வரியையும் நன்றாகப் பாருங்கள். 300இலிருந்து 800 என்பது தூரத்தில் மூன்று மடங்குகூட இல்லை. லீட் மட்டும் நான்கு மடங்காகிவிட்டது. 18 உடல் நீளம் தள்ளி வெறும் வானத்தைக் குறிபார்க்கும்போது ஒன்றிரண்டு நீளம் பிசகாமல் இருக்க எவராலும் முடியாது. போதாததற்கு 800 மீட்டரில் தோட்டா சுமார் 10 மீட்டர் கீழே இறங்கியும் விடும். படைக் கையேடுகள் இந்தத் துப்பாக்கிக்கு 1,500 மீட்டர் வரை எல்லை கொடுத்திருந்தாலும், நீங்கள் 500 மீட்டரை உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் சுடுவது விமானியை மிரட்ட மட்டும்.

தூரத்தை எப்படி மதிப்பிடுவது? விமானம் சைட்டில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்துத்தான். சிலுவை, நட்சத்திரம் போன்ற சின்னங்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கினால் சுடும் தூரத்துக்குள் வந்துவிட்டது என்று கொள்ளலாம். ஸ்டூக்கா போன்றவை மெஸ்ஸர்ஷ்மிட்டைவிடப் பெரியவை, அதனால் உண்மையில் இருப்பதைவிட அருகில் இருப்பதாகத் தோன்றும். அதற்கேற்பச் சற்று அதிக லீட் கொடுங்கள்.

எல்லா விமானமும் முழுக் குறுக்காகப் போகாது. சாய்கோணத்தில் உங்களை நோக்கியோ விலகியோ போகிறது என்றால், முழு லீட்டில் மூன்றில் இரண்டு பங்கு போதும். நேராக உங்கள் மீதே பாய்ந்தால் பக்கவாட்டு லீட் தேவையே இல்லை. மூக்குக்குச் சற்று மேலே வைத்து அழுத்துங்கள். விமானம் செங்குத்தாகத் தலைக்கு மேல் இருக்கும்போது தோட்டா குறிக்கோட்டை விட்டு இறங்காது, அதனால் உயரத் திருத்தத்தை மறந்துவிடலாம்.

கையைப் பழக்கும் முறை இது: குறியை விமானத்தின் பின்னாலிருந்து தொடங்கி, அதன் வழியாகவே முன்னால் இழுத்துச் சென்று, தேவையான லீட் வந்ததும் அதே வேகத்தில் நகர்த்திக்கொண்டே சுடுங்கள். முன்னால் குறிவைத்துக் கையை நிறுத்திவிடுவதுதான் மிக அதிகமாக நடக்கும் பிசகு. முதலில் அரை நொடி சுட்டு டிரேசரைப் பாருங்கள். விமானத்துக்குப் பின்னால் போகிறதா, கீழே போகிறதா? திருத்தி, பிறகு நீளமாகச் சுடுங்கள். ஒரு எச்சரிக்கை: டிரேசர் விமானத்தைத் தொடுவது போலத் தோன்றுவது பெரும்பாலும் கண்ணின் மயக்கம். அது விமானத்துக்கு முன்புறமோ பின்புறமோ இருநூறு மீட்டர் தள்ளிப் போய்க்கொண்டிருக்கலாம். விமானத்தின் மீது பொறி பறப்பதைப் பார்த்தால் மட்டும் நம்புங்கள்.

6. எப்போது சுடுவது

எனக்கு இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர்ப்பகுதி. லீட் கணக்கைவிட, விரலை எப்போது அழுத்துவது என்ற தீர்மானம்தான் நல்ல ஆட்டக்காரரைப் பிரித்துக் காட்டுகிறது.

விமானம் உங்கள் அணியின் டாங்கி ஒன்றின் மீது பாயத் தொடங்குகிறது. விமானி குண்டைச் சரியாகப் போட வேண்டுமென்றால் கடைசி சில நொடிகள் நேர்கோட்டில் பறந்தாக வேண்டும். திரும்பினால் குறி போய்விடும், நேராக வந்தால் உங்கள் தோட்டாவுக்குள் வருவார். சீக்கிரமே சுட்டால் உங்கள் டிரேசரைப் பார்த்து விலகி, உங்களைத் தேடி வருவார். அவர் நேர்கோட்டில் நிலைத்த பிறகு தொடங்கினால் இரண்டில் ஒன்று நடக்கும்: அடிபடுவார், அல்லது பதறித் திரும்பிக் குண்டை வேறெங்கோ போடுவார். இரண்டுமே உங்களுக்கு வெற்றிதான். முதலாவதுக்கு மட்டும்தான் புள்ளி வரும் என்பது கேமின் குறை. ஆனால் அந்த டாங்கி உயிரோடு இருக்கிறது, அந்தப் பிடிப்புப் புள்ளி உங்கள் அணியிடம் இருக்கிறது.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் சீக்கிரம் சுடுங்கள்: விமானம் ஏற்கெனவே குண்டைக் கட்டிக்கொண்டு பாயத் தயாராகிவிட்டது, தாக்கப்படவிருக்கும் டாங்கி உங்கள் 500 மீட்டருக்கு வெளியே இருக்கிறது என்றால். அப்போது விழுத்த முடியாது, குறியைக் கெடுக்கத்தான் முடியும். டிரேசரைத் தூவுங்கள்.

பாய்ச்சல் முடிந்து விமானம் மேலே இழுத்து விலகும் கணம் மிகச் சிறந்தது. அது வேகம் இழந்திருக்கும், வாலை உங்களுக்குக் காட்டியிருக்கும், விமானிக்குப் பின்னால் தெரியாது. பலர் குண்டு விழுந்ததும் ஆட்டம் முடிந்ததாகக் கையை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள்.

உங்களையே குறிவைத்து வந்தால்? அது உங்களுக்கு மிக எளிய இலக்கு, மிக ஆபத்தான இலக்கும்கூட. 600 மீட்டரிலிருந்து தொடங்கி விடாமல் அழுத்துங்கள். மூக்கில் எஞ்சின், அதன் பின்னால் விமானி, இரண்டும் ஒரே கோட்டில் உங்கள் எதிரே இருக்கின்றன. ஆனால் அவர் கையில் பீரங்கியோ ராக்கெட்டோ இருந்து, முதல் இரண்டு நொடியில் உங்கள் தோட்டா அவரைத் தொடவில்லை என்றால், வீட்டின் பின்னால் நகர்வதே மேல்.

கனமான கவசம் கொண்ட தாக்குதல் விமானங்களை முன்னாலிருந்து சுட்டு வீணாக்க வேண்டாம். ஜெர்மானியரின் ஹென்ஷெல் 129 அப்படிப்பட்டது. விமானியைச் சுற்றிக் கவசப் பெட்டி உண்டு. உண்மைப் போரிலும் ரைஃபிள் தோட்டா இந்த வகை விமானத்திடம் தோற்றுத்தான் 12.7 மிமீக்கும் அதற்கு மேலும் படைகள் நகர்ந்தன. அவை விலகும்போது பக்கவாட்டில் எஞ்சின்களைக் குறிவையுங்கள்.

7. தரையில் எதிரி வந்துவிட்டால்

ஓடுங்கள். பெரும்பாலான சமயத்தில் இதுதான் பதில். இருந்தாலும் இந்த ரேங்க்கில் திறந்த மேற்கூரை கொண்ட வண்டிகள் நிறைய உண்டு. எதிரியின் விமான எதிர்ப்பு லாரி, திறந்த டாங்கி அழிப்பான் இவற்றை அருகில் வைத்துச் சுட்டால் உள்ளே இருப்பவர்களை வீழ்த்த முடியும். பி-32 தோட்டா 200 மீட்டரில் சுமார் 10 மிமீ கவசத்தைத் துளைக்கும். மெல்லிய கவச வண்டிகளின் பக்கவாட்டுக்கு அது சில நேரம் போதும். முழு டாங்கியைப் பார்த்தால் விரலை எடுத்துவிட்டு மறையுங்கள், டிரேசரே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

8. சுட்ட பிறகு

நொடிக்கு 36 தோட்டாவின் டிரேசர் கோடு மேப் முழுவதும் தெரியும். ஒவ்வொரு பெரிய மோதலுக்குப் பிறகும் இடம் மாறுங்கள். ஐம்பது மீட்டர் போதும். பெல்ட்டில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்த்து, வானம் காலியாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். பாய்ச்சலுக்கு நடுவே பெல்ட் தீர்வது இந்த வண்டிக்கு வரக்கூடிய மிக மோசமான விஷயம்.

ஆட்டம் முடிந்ததும் ரீப்ளேயைத் திறந்து, விமானியின் பக்கத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். உங்கள் தோட்டா உண்மையில் எங்கே போனது, அவர் எப்போது உங்களைக் கவனித்தார், எந்தக் கணத்தில் குறியை விட்டார் என்பதெல்லாம் தெரியும். எத்தனை டிப்ஸ் படித்தாலும் இதற்கு ஈடாகாது.

9. இதற்குப் பிறகு எந்த வண்டி

சோவியத் வரிசையில் அடுத்து வருவது காஸ்-எம்எம் லாரி மீது 25 மிமீ 72-கே. லோகினோவ் வடிவமைத்த 1940ஆம் ஆண்டு மாடல் துப்பாக்கி. ஒரு குண்டே விமானத்தை உலுக்கிவிடும், ஆனால் கிளிப்பில் சில குண்டுகள்தான். மாக்சிமில் தூவிப் பழகிய கை இங்கே தடுமாறும். லீட்டை முன்கூட்டியே சரியாகப் போடப் பழகியவருக்கு மட்டுமே இது இனிக்கும்.

யாக்-10 29-கே முற்றிலும் வேறு ரகம். யாரோஸ்லாவ் ஆலையின் 8 டன் சுமைத்திறன் கொண்ட லாரி மீது 76 மிமீ 3-கே பீரங்கி. 1930களின் நடுவில் சுமார் 60 மட்டுமே செய்யப்பட்டது. உண்மையில் இது மிக உயரத்தில் பறக்கும் குண்டுவீச்சு விமானத்துக்காக, குறிகணிப்புக் கருவியோடு அணியாகச் சுட வேண்டியது. சுடும்போது லாரி ஆடாமலிருக்கத் தரையில் ஊன்றுகால் இறக்குவார்கள். கேமில் தனியாக நின்று விமானத்தைக் குறிவைப்பது கடினம். டாங்கிகளுக்கு மட்டும் இது பயங்கரமான எதிரி, அதனால் பதுங்கி நின்று தரையைச் சுடும் வண்டியாகவே இதை எடுங்கள்.

இசட்எஸ்யூ-37 வந்துவிட்டால் கையில் 37 மிமீ 61-கே இருக்கும். லோகினோவும் லோக்தேவும் 1939இல் கொடுத்த இந்தத் துப்பாக்கிதான் போர் முழுவதும் சோவியத் படையின் முக்கிய இலகுரக விமான எதிர்ப்புப் பீரங்கியாக நின்றது. 1,000 மீட்டர் தாண்டியும் நம்பிச் சுடலாம். 500 மீட்டருக்குள் லீட்டை நீளக் கணக்கில் பழகியிருந்தால், இங்கே குண்டு போகும் நேரத்தை மட்டும் டெஸ்ட் டிரைவில் மறுபடி எண்ணிப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும்.